நற்கருணை குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் அனைவரும் சுகமாயிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கத்தோலிக்கரான மாப்பிள்ளை நற்கருணை, அதாவது இயேசுவின் கடைசி இராப்போசனத்தை நினைத்துக் கொடுக்கப்படும் அப்பம், வாங்க எழுந்து போனபோது நீ மட்டும் இருக்கையில் தனியாக இருந்ததையும், அது உன்னை வருத்தியதையும் எழுதியிருந்தாய். எல்லாரும் ஒரே இயேசுவைத்தான் நினைக்கிறோம், வித்தியாசம் வார்த்தைகளில்தானே, அடுத்த வாரம் நானும் போய் வாங்கிக்கொள்ளட்டுமா என்றும் கேட்டிருந்தாய். உன் ஆசை நல்ல ஆசை. ஆனாலும் இப்போதைக்குப் போகவேண்டாம் என்றே சொல்வேன், ஏனென்றால் வித்தியாசம் வார்த்தைகளோடு நின்றுவிடுவதில்லை.

நற்கருணை வழங்கி முடித்தபின் குருவானவர் செய்வதை அடுத்த முறை கவனித்துப் பார். தட்டில் ஒட்டியிருக்கும் துகள்களைக் கிண்ணத்துக்குள் தள்ளி, தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரையும் பருகிவிட்டுத்தான் கிண்ணத்தைத் துணியால் துடைப்பார். மீதமுள்ள அப்பங்கள் நற்கருணைப் பேழைக்குள் வைத்துப் பூட்டப்படும். அருகில் ஒரு விளக்கு அணையாமல் எரியும். நிறமும் சுவையும் எடையும் முன்போலவே இருக்க, அப்பத்தின் உட்பொருள் முழுவதும் கிறிஸ்துவின் உடலாகவும், திராட்சை இரசத்தின் உட்பொருள் முழுவதும் அவருடைய இரத்தமாகவும் மாறிவிடுகிறது என்று 1551-ல் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கம் வரையறுத்துச் சொன்ன நம்பிக்கையின் கண்கூடான வடிவம் அது. அப்படி நம்புகிறவருக்கு ஒரு துகள்கூட அற்பமானதல்ல. “கிறிஸ்துவின் திருவுடல்” என்று குரு சொல்லும்போது வாங்குகிறவர் “ஆமென்” என்கிறாரே, அது அந்த நம்பிக்கை முழுவதற்கும், அந்தத் திருச்சபையோடுள்ள ஐக்கியத்துக்கும் சேர்த்துச் செய்யும் அறிக்கை. மனதில் வேறொன்றை வைத்துக்கொண்டு நீ அந்த ஆமெனைச் சொல்வது அவர்களுக்கும் மரியாதையாகாது, உனக்கும் நல்லதல்ல.

லுத்தரன் சபையில் திடப்படுத்தல் பெற்று, விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிட்ட நீ, நாம் நம்புவதையும் சரியாக நினைவில் வைத்திருக்க வேண்டும். உட்பொருள் மாறுகிறது என்ற தத்துவ விளக்கத்தைத்தான், நம் சபைக்குப் பெயர் தந்த பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி லூத்தர் தள்ளினார். கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே அங்கே இருப்பதை அவர் ஒருநாளும் தள்ளவில்லை. அப்பம் அப்பமாகவே இருக்கிறது, ஆனாலும் அதற்குள்ளும் அதனோடும் அதன் கீழும் ஆண்டவர் தம்மையே தருகிறார் என்பதே நம் அறிக்கை. எப்படி என்று கேட்டால் நமக்குத் தெரியாது. “இது என் சரீரம்” என்று ஆண்டவர் சொன்னார், அது போதும்.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் சபையைச் சீர்திருத்திய சுவிங்கிலிக்கு அது போதவில்லை. அதற்காக அவரைப் பயபக்தி இல்லாதவர் என்று எண்ணிவிடாதே. உயிர்த்தெழுந்த கிறிஸ்து மெய்யான மனிதச் சரீரத்தோடு பரமேறிப் பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறார் என்பதை உறுதியாகப் பற்றிக்கொண்டதால்தான், அந்தச் சரீரம் அதே வேளையில் ஆயிரம் பீடங்களில் இருக்க முடியாது என்றார். “ஆவியே உயிர்ப்பிக்கிறது, மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது” என்ற வசனத்தை ஆதாரமாகக் காட்டினார். 1525-ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் அவருடைய ஆலயத்தில் சபையார் நடுவே ஒரு மேசையைப் போட்டு, மரத்தட்டுகளிலும் மரக்கிண்ணங்களிலும் அப்பமும் இரசமும் பரிமாறினார்கள். பொன்னும் வெள்ளியும் கண்ணை இழுக்காமல், விசுவாசிகள் கூடி ஆண்டவரின் மரணத்தை நினைவுகூர்ந்து நன்றி செலுத்த வேண்டும் என்பது அவர் கருத்து.

ஜெர்மனியின் ஹெஸ்ஸ நாட்டுப் பிரபுவாகிய பிலிப்பு, லூத்தரையும் சுவிங்கிலியையும் 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் சந்திக்கவைத்தார். “இது என் சரீரம்” என்ற வாக்கியத்தை லூத்தர் முன்னதாகவே சுண்ணக்கட்டியால் மேசைமேல் லத்தீனில் எழுதி, வெல்வெட் துணியால் மூடியிருந்தார். சான்று கேட்டபோது துணியை விலக்கிக் காட்டினார். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போனவர்கள், கடைசியான திருவிருந்தில் (நற்கருணையை நாம் அழைக்கும் பெயர்), கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தில் இருக்கும் விதத்தைப் பற்றி மட்டும் ஒத்துப்போக முடியாமல் பிரிந்தார்கள். உபதேசத்தில் நான் லூத்தர் பக்கம் நிற்கிறேன். ஆனால் சுவிங்கிலியைச் சகோதரனாக ஏற்க அவர் மறுத்ததை எந்த நாளும் நியாயப்படுத்த மாட்டேன். விசுவாசிகளை ஆவியானவர் பரலோகத்திலிருக்கும் கிறிஸ்துவோடு இணைத்துப் போஷிக்கிறார் என்று ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கல்வின் பின்னர் ஒரு நடுவழி காட்டியும் பிளவு ஆறவில்லை. 1973-ல் சுவிட்சர்லாந்தின் லோயென்பர்க்கில் உருவான உடன்படிக்கைக்குப் பிறகுதான் ஐரோப்பாவின் பல லுத்தரன் சபைகளும், சுவிங்கிலி, கல்வின் வழிவந்த சீர்திருத்த சபைகளும் ஒரே பந்தியில் முறைப்படி சேர்ந்தன.

இத்தனை சண்டை வேண்டுமா என்று உனக்குத் தோன்றலாம். ஆண்டவர் மரிப்பதற்கு முந்தின இரவில் சொன்ன வார்த்தையைப் பற்றிய சண்டை இது. அதில் அக்கறை இல்லாமல் சமாதானமாயிருப்பதைவிட, அக்கறையோடு வாதிட்டது மேல் என்பேன். அதே சமயம், இந்தப் பந்தியைப் பற்றி வேதத்தில் பதிவான கடிந்துகொள்ளுதலையும் மறக்காதே. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடிக்க, இல்லாதவர்கள் பசியோடிருந்தார்கள். அதைத்தான் பவுல் அபாத்திரமாய், அதாவது தகுதியற்ற விதமாய்ப் புசிப்பது என்று அத்தனை கடுமையாகக் கண்டித்தார். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே அந்த அதிகாரத்தில் அவர் கொடுக்கும் புத்திமதி. பீடத்தைப் பற்றி நுணுக்கமாக வாதிட்ட பலர் இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துபோனது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

எனவே நீ மாப்பிள்ளையோடு பூசைக்குப் போவதை விட்டுவிடாதே. வாசகங்களைக் கேள், ஜெபி; அவர் நற்கருணை வாங்கித் திரும்பும்வரை உன் இடத்திலிருந்து அவருக்காக மன்றாடு. நம் ஆலயத்தில் திருவிருந்து பரிமாறும்போது அவர் இருக்கையிலேயே இருந்தால் அதை அவமதிப்பாக எண்ணாதே. நம் சபையில் வாங்கவேண்டாம் என்பது அவர்கள் திருச்சபையின் ஒழுங்கு, அவர் அதற்குக் கீழ்ப்படிகிறார். மரண ஆபத்து முதலிய மிக நெருக்கடியான நிலையில், தன் சபைப் போதகரை அணுக முடியாத மற்றச் சபையார் தாமாகவே கேட்டு, நற்கருணையில் கத்தோலிக்க விசுவாசத்தையும் அறிக்கையிட்டால் கொடுக்கலாம் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. கதவை முழுவதும் அடைத்துவிட்டார்கள் என்று மனக்கசப்பு அடையாதே.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் வாசிக்கக் கொடு. அவர்களுடைய நம்பிக்கையை நான் எங்காவது குறைத்துச் சொல்லியிருந்தால் தயங்காமல் எனக்கு எழுதச் சொல். அடுத்த விடுமுறைக்கு வரும்போது 1 கொரிந்தியர் 10, 11 அதிகாரங்களை நாம் மூவரும் சேர்ந்து வாசிப்போம்.

உன் அன்புள்ள
அப்பா