போலாம் ரைட், மாப்ள

மதுரை
புதன் இரவு

அன்பு மாப்பிள்ளைக்கு,

நீ போனை எடுப்பதில்லை. கடிதம் என்றால் தங்கச்சி பிரித்து உன் கையில் திணித்துவிடும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். கண்டக்டராக டிரிப் ஷீட் எழுதிய கை, கோழிக் கிறுக்கல்தான். பொறுத்துக்கொள்.

நேற்று தங்கச்சி பேசியது. "காலையில் பல் விளக்கிவிட்டு சோபாவில் உட்கார்ந்தால் ராத்திரி படுக்கத்தான் எழுந்திருக்கிறார் அண்ணே. டிவி ஓடுது. என்ன படம்னு கேட்டா அவருக்கே தெரியல. பேரன் பக்கத்துல போனா எரிஞ்சு விழுறார்." கடைசியில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னது. அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, மாப்ள. நானும் அதே குழியில் கிடந்து எழுந்தவன்தான், இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. ரிட்டயர் ஆகி, மாலை போட்டு டிப்போவிலிருந்து அனுப்பி வைத்த முதல் மாதம் சொர்க்கமாக இருந்தது. விடியற்காலை மூன்றரை மணி அலாரம் இல்லை, செக்கிங் இல்லை, "மீதி சில்லறை எங்கே" என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. மூன்றாம் மாதம் பார்த்தால் ஈசிசேர் என் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. செய்தி, அப்புறம் விவாதம், அப்புறம் சீரியல். ராத்திரி தூக்கம் வராது. வந்தால் கனவில் கலெக்‌ஷன் குறையும். எண்ணி எண்ணிப் பார்ப்பேன், இருபது ரூபாய் இடிக்கும், வேர்த்து எழுந்திருப்பேன். காபியில் சர்க்கரை கம்மி என்று உன் அக்காவிடம் ஒருநாள் டம்ளரை விட்டெறிந்தேன். முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் எத்தனையோ குடிகாரனிடம் பொறுமையாகப் பேசியவன் நான்!

இதிலிருந்து நான் வெளியே வந்தது புத்தி வந்து அல்ல. மொபெட் மக்கர் செய்தது. மெக்கானிக்கிடம் விட்டேன், அவர் "நாளைக்கு வாங்க" என்றே பதினெட்டு நாள் இழுத்தடித்தார். பாலுக்கு நடை, காய்கறிக்கு நடை, பென்ஷன் பேப்பரை ஜெராக்ஸ் எடுக்க நடை. அந்த மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஒன்பதரை மணிக்கே கண் சொருகியது. இரண்டாம் வாரம் உன் அக்கா கேட்டாள்: "என்ன, நேத்து ஒரு தடவைகூட கத்தலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

வண்டி திரும்பி வந்த பிறகும் நடையை விடவில்லை. தினமும் காலையில் தெப்பக்குளத்தை ஒரு சுற்று, மனம் கேட்டால் இரண்டு. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். 1645ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். நாம் அதை ஒட்டி எத்தனை டிரிப் அடித்திருப்போம்! டிரைவர் சீட்டில் நீ வளைவைப் பார்த்தாய், நான் ஸ்டேஜைப் பார்த்தேன். குளத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்க்கவும் அப்போது ஒன்றுமில்லை, வறண்ட தரையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். இப்போது வைகைத் தண்ணீர் விடுகிறார்கள். காலை வெயிலில் மைய மண்டபம் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்.

பிசியோதெரபி படித்த என் மகளிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அப்பா, உங்களையும் மாமாவையும் வைத்து லண்டனில் எப்போதோ ஆராய்ச்சி பண்ணிட்டாங்க" என்றாள். நிஜம்தான் மாப்ள. ஜெரமி மோரிஸ் என்று ஒரு டாக்டர். லண்டன் மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953ல் வெளியிட்டார். கண்டக்டர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறி இறங்குவாராம். டிரைவர் டூட்டி நேரம் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். அதே பஸ், அதே புகை, அதே ரோடு, ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம். அந்த ஆள் அதோடு விடவில்லை. கம்பெனி யூனிபார்ம் தைத்துக் கொடுத்த அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தால், டிரைவர்களின் பேண்ட் இடுப்பு கண்டக்டர்களைவிடப் பெரிசு! நம் டிப்போவில் யூனிபார்ம் துணி கொடுத்தபோது உனக்கு எப்போதும் கால் மீட்டர் பற்றாது என்று டெய்லர் புலம்புவாரே, அது ஞாபகம் வந்து சிரித்தேன். மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009ல்தான் போனார்.

அது இதயத்தின் கதை. மனசுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மகளிடம் கேட்டேன். "மாமா அப்போவும் உட்கார்ந்துதானே இருந்தார்? முப்பது வருஷமும் உற்சாகமாத்தானே இருந்தார்?" என்றேன். அதற்கு அவள் சொன்னதுதான் எனக்குப் புதுசு. உட்காருவதிலும் இரண்டு வகை உண்டாம். மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டு உட்காருவது ஒன்று, சும்மா டிவி முன்னால் கிடப்பது இன்னொன்று. ஸ்வீடனில் பல்லாயிரம் பேரைப் பல வருஷம் கவனித்ததில், மனச்சோர்வோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான் என்று தெரிந்ததாம். நீ சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் உன் மூளை கியரிலும் கிளட்ச்சிலும், குறுக்கே பாயும் ஷேர் ஆட்டோவிலும், என் விசிலிலும் இருந்தது. இப்போது உன் காலையும் யாரும் கேட்பதில்லை, மூளையையும் யாரும் கேட்பதில்லை. இரண்டுக்கும் ஒரே நாளில் வேலை போய்விட்டது. என் கணக்கில் உன் வியாதி இதுதான்.

"சோர்ந்து போனவன்தானே உட்காருவான், உட்கார்ந்ததால் சோர்ந்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்று நீ மடக்குவாய். நானும் மடக்கினேன். இரண்டும் உண்டு, ஒன்று இன்னொன்றை இழுக்கும் என்றாள். அதற்குத்தான் நார்வேயில் மனச்சோர்வே இல்லாத 33,908 பேரை எடுத்துக்கொண்டு 11 வருஷம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம் எல்லோரும் உடம்பை அசைத்திருந்தால் பிற்பாடு வந்த மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. வாரத்துக்கு ஒரு மணி நேரம், மாப்ள. நீ பெரியார் பஸ் நிலையத்தில் டைம் ஆகக் காத்திருந்தபோது குடித்த டீயைக் கூட்டினாலே அதைவிட அதிகம் வரும்.

அதற்காக நடை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. நான்தான் வாழ்நாள் முழுக்கப் பின்படிக்கும் முன்படிக்கும் நடந்தவன். அதில் எனக்கு மிச்சம் முழங்கால் வலியும் கெண்டைக்கால் நரம்புச் சுருட்டலும்தான். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நடந்த நடையில் மனசு எங்கே லேசானது? வயிற்றுப்பாட்டுக்கு உடம்பை முறிப்பதும், விரும்பி நாலு தெரு போய்வருவதும் ஒன்றில்லை என்று மகளும் சொல்கிறாள்.

இப்போது தங்கச்சி குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயம். "இனி இருந்து என்ன பிரயோஜனம்" என்று நீ இரண்டு தடவை சொன்னாயாம். சும்மா வாய்வார்த்தை என்பாய். இருக்கலாம். ஆனால் உன்னோடு முப்பது வருஷம் ஓடியவன், உன் பிரேக் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வீட்டில் சண்டையா என்று கண்டுபிடிப்பவன், எனக்கு அது வாய்வார்த்தையாகப் படவில்லை. டாக்டரிடம் போ. பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர் என்று கூச்சப்படாதே, சுகருக்குப் போவது மாதிரிதான் இதுவும். அதற்கு முன்னால் யாரிடமாவது பேசத் தோன்றினால் 14416க்குப் போன் செய். டெலி மானஸ் என்று பெயர், 2022ல் மத்திய அரசு தொடங்கியது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். இல்லையென்றால் என்னைக் கூப்பிடு. ராத்திரி இரண்டு மணியானாலும் எடுப்பேன். நான் உன்னை மாதிரி இல்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தால் ஒழுங்காகப் போடு, நடக்கிறேன் என்று நீயாக நிறுத்தாதே. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 156 பேரை வைத்துப் பார்த்த சோதனை ஒன்று உண்டு, 1999ல் வந்தது. எல்லோரும் நம்மைப்போல ஐம்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள், மனச்சோர்வு உள்ளவர்கள். ஒரு குழுவுக்கு மாத்திரை, ஒரு குழுவுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு இரண்டும். 16 வாரம் கழித்து மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தது. ஆனால் ஆரம்பத்தில் சீக்கிரம் தேறியது மாத்திரை சாப்பிட்டவர்கள். பத்தாம் மாதம் பார்த்தபோது பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்ப வந்தது குறைவு. ஆக இரண்டுக்கும் வேலை இருக்கிறது, சண்டையில்லை.

அங்கே கோயம்புத்தூரில் எங்கே நடப்பது, ஆறாவது மாடி, தெரிந்த முகம் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. முதலில் லிப்ட்டில் கீழே இறங்கி, கேட்டைத் தாண்டி, டீக்கடை வரை போ. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பு. அவ்வளவுதான் முதல் வாரம். பேரனைப் பள்ளி வேனில் ஏற்றி விடும் வேலையை மருமகளிடமிருந்து வாங்கிக்கொள். டைம் தவறாமல் வண்டிக்குப் போவது உனக்குக் கை வந்த கலை.

இங்கே செய்தி என்று பெரிதாக இல்லை. நம் பழைய டைம்கீப்பருக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, இப்போதும் யாரைப் பார்த்தாலும் மணி கேட்கிறார். உன் அக்கா ஆவக்காய் போட்டிருக்கிறாள், உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறாள்.

தைப்பூசத்துக்குத் தெப்பம். இரண்டு நாள் முன்பே தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா. ஆரப்பாளையத்தில் வந்து நிற்கிறேன். பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கியர் மாற்றுவதற்கெல்லாம் உச்சுக் கொட்டாதே, போன தடவை இறக்கி விடப் பார்த்தார்கள். பழைய கேன்வாஸ் ஷூ பரணில் இருந்தால் எடுத்து வா. இல்லையென்றால் என்னுடையதைப் போட்டுக்கொள், உனக்குக் கொஞ்சம் பிடிக்கும், பரவாயில்லை.

உன்,
பழைய கண்டக்டர்