தெரியாத வரிக்கு எதற்குக் காசு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியவே தெரியாத வரிகளை எழுதிவிட்டுக் காசு கேட்கிறார்கள்" என்று, உங்கள் இணையதளத்தைப் பராமரிக்கும் எங்களைப் பற்றி ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை எங்களிடமே நேரே கேட்டவர்களுக்கு முதலில் நன்றி.

பேச்சு லிங்க் டேக் பற்றியது; பக்கத்தை உருவாக்கும் எச்டிஎம்எல் நிரலில் எழுதப்படும் ஒரு குறி அது. திரையில் தெரியாது என்பது உண்மைதான். சொடுக்கினால் அடுத்த பக்கம் போகிற இணைப்பு 'ஏ' டேக். லிங்க் டேக் அப்படியல்ல; பெரும்பாலும் ஹெட் பகுதிக்குள் (நிரலின் தொடக்கத்தில், பக்கத்தைப் பற்றிய தகவல் இருக்கும் இடம்) இருக்கும், சொடுக்க எதுவும் இருக்காது. இந்தப் பக்கத்துக்கு அந்த முகவரி என்ன உறவு என்று உலாவிக்கும் தேடுபொறிக்கும் சொல்வது அதன் வேலை. 'ரெல்' உறவைச் சொல்லும், 'எச்ரெஃப்' முகவரியைச் சொல்லும். ஸ்டைல்ஷீட் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) என்று உறவு எழுதிய ஒரு வரியை நீக்கிப் பாருங்கள். பக்கத்தின் நிறமும் அமைப்பும் போய் வெறும் எழுத்துதான் மிஞ்சும். அப்போதும் தெரியாத வரி என்பீர்களா?

சரி, அதிகம் திட்டு வாங்கிய கேனானிக்கல் என்ற உறவுக்கு வருகிறேன். ஒரே பொருளின் பக்கம் நிறம், அளவு, வரிசை என்று மாற்ற மாற்ற வெவ்வேறு முகவரிகளில் திறக்கும். அவற்றில் மூலம் எது என்று சொல்லத்தான் கேனானிக்கல். கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009 பிப்ரவரியில் சேர்ந்து அறிவித்த ஏற்பாடு. நாங்கள் கண்டுபிடித்த வசூல் வழி அல்ல. ஆனால் அது கட்டளை இல்லை, பரிந்துரை. கூகுள் வேறு முகவரியைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?

இரு மொழித் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்டர்னேட் உறவில் (இதே பக்கத்தின் மாற்று வடிவம் இது என்று சொல்வது) ஒரு மொழிப் பக்கம் மற்றதைக் காட்டினால், அதுவும் இதைத் திருப்பிக் காட்ட வேண்டும். ஒருதலை உறவை கூகுள் கண்டுகொள்ளாது. எங்களிடம் சொல்லாமல் ஒரு பக்கத்தை நீக்கிவிட்டு, மற்ற பக்கம் தேடலில் சரியாக வரவில்லை என்றால் எப்படி? அப்புறம், அடுத்த பக்கத்தையும் முந்தைய பக்கத்தையும் சொல்லும் நெக்ஸ்ட், ப்ரெவ் உறவுகளைத் தான் இப்போது பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2019-இல் சொல்லிவிட்டது. எச்டிஎம்எல் தரநிலையில் அவை இருப்பதால் நாங்கள் எடுக்கவில்லை. அதற்குக் கட்டணமும் இல்லை.

இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் விலகிவிட்டதால், அடுத்த புதுப்பிப்பிலிருந்து லிங்க் டேக் சோதனை தனிக் கட்டணத்தில் வரும்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் எங்களோடு இருக்கிறீர்கள், அதை மறக்கமாட்டோம். முடிந்தால் உங்கள் உள்பக்கம் ஒன்றின் மூல நிரலைத் திறந்து கேனானிக்கல் வரியைப் பாருங்கள். பக்கங்களுக்குப் பொதுவான டெம்ப்ளேட்டை (அமைப்பு மாதிரியை) மாற்றியபோது சில தளங்களில் அது முகப்புப் பக்கத்தையே காட்டும்படி ஆகிவிட்டது. அப்படி இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், இலவசமாகவே திருத்தித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் இணையதளப் பராமரிப்பாளர்