இருப்புக் கொள்ளல

மதுரை
வியாழன் இரவு

அன்புள்ள கோமதி,

நீ கேட்டுப் பத்து நாளாகிறது. "சைக்கியாட்ரி பாடத்துக்கு ஒரு தமிழ்ச் சொற்பட்டியல் போட்டுக் கொடு, பிள்ளைகள் எல்லாத்தையும் இங்கிலீஷில் உருப்போட்டுவிட்டு வார்டில் போய் முழிக்கிறார்கள்" என்றாய். செய்யாமல் இல்லை. நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் பாடப்புத்தகச் சொல், அந்தப் பக்கம் தமிழ் என்று ஆரம்பித்தேன். நாலாவது வரியில் கை நின்றுவிட்டது. பட்டியலுக்குப் பதில் இந்தக் கடிதம். போனில் தட்டித் தட்டி எழுதினால் எனக்குக் கட்டைவிரல் வலிக்கிறது, பேனாதான் சரி.

கை நின்ற இடம் அகதீசியா. ஹாஸ்டல் மொட்டைமாடியில் டிஸ்டோனியா, அகதீசியா, பார்க்கின்சோனிசம், டார்டிவ் டிஸ்கைனீசியா என்று மனநோய் மருந்துகளின் பக்கவிளைவு நாலையும் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு நடப்போமே, அதில் இரண்டாவது. உனக்கு இதுவரை சொல்லாத ஒரு கதை அதில் இருக்கிறது.

அது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, எந்த இடம் என்பது வேண்டாம். இருபது வயசுப் பையன், முதல் அட்மிஷன். ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து ஆரம்பித்து மூன்றாம் நாள் ராத்திரி, வராந்தாவில் நடக்கிறான், நடக்கிறான், நிறுத்தவே இல்லை. கட்டிலில் உட்கார வைத்தால் தொடையைத் தேய்க்கிறான், எழுந்துவிடுகிறான். நின்றாலும் காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறான். அவன் அம்மா என்னிடம் வந்து, "சிஸ்டர், பிள்ளைக்கு இருப்புக் கொள்ளல, என்னான்னு வந்து பாருங்க" என்றார். நான் கேஸ் ஷீட்டில் எழுதியது "ஏஜிடேட்டட்", அதாவது மனம் கொந்தளித்திருக்கிறான் என்று. டூட்டி டாக்டருக்குப் போனிலும் அந்த ஒரே வார்த்தை. அவர் ஊசி போடச் சொன்னார், அதே ஹாலோபெரிடால். போட்டேன். விடியற்காலையில் அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தான்.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் அவன் தோளில் கை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, மனசு பதறுதா, காலு பதறுதா?"

"காலு சார். உள்ளுக்குள்ள என்னமோ ஊருது. நடந்தா கொஞ்சம் தேவல."

டோஸைக் குறைத்தார். ஆஸ்துமா உண்டா என்று கேட்டுக்கொண்டு ப்ரோப்ரனலால் எழுதினார். ரெண்டு மூணு நாளில் அந்தப் பையன் கட்டிலில் சம்மணம் போட்டு இட்லி சாப்பிட்டான். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். அதுதான் தாங்கவில்லை.

அகதீசியா என்பதற்குக் கிரேக்கத்தில் உட்கார முடியாமை என்று பொருள். பிராகா நகரத்து ஹாஷ்கோவெட்ஸ் என்ற நரம்பு மருத்துவர் 1901-இல் வைத்த பெயர். நாம் இன்று கொடுக்கும் மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் மனநோய்க்கு வந்ததே 1952-இல்தான், அதற்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே பெயர் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அம்மா கிரேக்கம் படித்தவர் இல்லை, ஆனால் இருப்புக் கொள்ளல என்று அதே சொல்லை என் கையில் கொடுத்தார். வாங்கி, இங்கிலீஷாக்கி, வேறு அர்த்தத்தில் எழுதி வைத்தவள் நான். அகராதியில் எதற்குத் தேட?

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். சொன்னவர் சொன்னபடியே, தமிழிலேயே, மேற்கோள் குறிக்குள் முதலில் எழுதுவேன். பாடப்புத்தகச் சொல் அதற்குக் கீழே. ஒரு டாக்டர் கிண்டல் பண்ணுவார், "சிஸ்டர் நாவல் எழுதுறாங்க" என்று. பண்ணட்டும்.

உன் பட்டியலில் "டிப்ரெஷன் – மன அழுத்தம்" என்று நீயே எழுதி வைத்திருக்கிறாய். அதை அடித்துவிடு. பத்திரிகையும் டிவியும் கெடுத்து வைத்த வேலை அது. அழுத்தம் என்றால் பரீட்சை, கடன், மாமியார். நாம் சொல்ல வருவது மனச்சோர்வு. வருகிறவர்கள் இரண்டு சொல்லையும் சொல்லமாட்டார்கள் என்பது வேறு விஷயம். உடம்பெல்லாம் வலி, நெஞ்சை அடைக்குது, தலை கனம் என்றுதான் வருவார்கள், அதுவும் பாதிப் பேர் ஸ்கேன் எல்லாம் எடுத்து முடித்துவிட்டு. அன்ஹெடோனியாவுக்கு என்ன தமிழ் என்று பிள்ளைகள் கேட்டால், "எதுலயும் பிடிப்பு இல்ல" என்று சொல்லிக்கொடு. பேரன் வந்தாலும் பிடிப்பில்லை, மீன்குழம்பு வைத்தாலும் பிடிப்பில்லை. "இன்பமின்மை" என்று ஒரு புத்தகத்தில் பார்த்தேன். அதைச் சொல்லிக்கொண்டு வந்த நோயாளியை நான் பார்த்ததில்லை.

மேனியாவில், அதாவது மனம் அளவுமீறி எழும்பிக் கிடக்கும் நிலையில், ஒரு சின்ன விஷயத்தை அழுத்திச் சொல். "தூக்கம் வரல" வேறு, "தூக்கம் தேவைப்படல" வேறு. முதல் ஆள் விடியும்போது செத்துச் சுண்ணாம்பாகி எழுந்திருப்பார். இரண்டாவது ஆள் ரெண்டு மணி நேரம் கண்ணை மூடிவிட்டு, நாலு மணிக்கே வாசலைப் பெருக்கி, தெருவையும் பெருக்கி, பால்காரரிடம் புது வியாபாரம் பேசிக்கொண்டிருப்பார். வீட்டில் முதல் வாரம் "இப்பத்தான் சுறுசுறுப்பா இருக்கான்" என்று சந்தோஷப்படுவார்கள். கடன்காரர்கள் வந்த பிறகுதான் நம்மிடம் வருவார்கள். இருதுருவக் கோளாறு என்று எழுதினால் பரீட்சைக்குப் போதும், வீட்டாரிடம் சொல்லும்போது ஏத்தம் இறக்கம் என்றால் புரிகிறது.

ஹாலுசினேஷனுக்கு மாயத்தோற்றம் என்கிறார்கள். தோற்றம் கண்ணுக்கு உரியது, நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு வருவது காதில். "ஆள் இல்லாதப்ப பேச்சு கேக்குதா?" என்று நேராகக் கேட்டால் போதும். கேட்டதும் நிறுத்தக்கூடாது, என்ன சொல்லுது என்றும் கேட்க வேண்டும். "இந்தா சோறு எடுக்கறான், இந்தா பிசையறான்" என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஓடுவது உண்டு. "குதி" என்று ஏவுவதும் உண்டு. ஏவுகிற குரல் என்றால் அன்றைக்கு அந்தக் கட்டில் நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில்.

ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு மனச்சிதைவு என்ற பெயர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒரு அப்பா "சிதைஞ்சு போச்சுன்னா அப்புறம் என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். பதில் இல்லை. ஜப்பானில் இதே மாதிரி மனம் பிளந்த நோய் என்று அர்த்தம் வருகிற பெயர்தான் இருந்தது. நோயாளிகளின் குடும்பத்தார் கேட்டுக்கேட்டு 2002-இல் அதை மாற்றிவிட்டார்கள். நம் ஊரில் யார் கேட்பது?

பக்கவிளைவுகளுக்கு வருகிறேன், நீ அதைத்தான் முக்கியமாகக் கேட்டாய். ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் "கண்ணு மேல சொருகிடுச்சு, கழுத்து கோணிக்கிச்சு" என்று ஓடி வந்தால் அது டிஸ்டோனியா, தசை இழுத்துப் பிடித்துக்கொள்வது. வலிப்பு என்று பயப்படுவார்கள், சாமி வந்துவிட்டது என்று திருநீறு பூசுவார்கள். திருநீறு பூசட்டும், நாம் அதைத் தணிக்கும் பினர்கான் ஊசியை எடுத்துக்கொண்டு போவோம். கொஞ்ச நேரத்தில் கண் கீழே இறங்கிவிடும். பூசினவருக்கும் நல்ல பெயர்.

ஏத்தம் இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியத்தில் கை நடுக்கம் என்று எழுதுவதோடு விடாதே. என் சோதனை டீ டம்ளர். லேசாக நடுங்கினாலும் டீ சிந்தவில்லை என்றால் பெரும்பாலும் சாதாரணம். சிந்துகிறது, கூடவே வாந்தி, பேதி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் என்றால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது உனக்குத் தெரியும், அதில் லித்தியம் அளவு 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. அது ஏன் ஏறுகிறது என்பதுதான் நம் ஊர்ச் சமாச்சாரம். சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும். பக்கத்து வீட்டு அக்கா பிரஷருக்கு உப்பைக் குறைத்தார் என்று இவரும் குறைப்பார், இல்லை உப்பில்லா விரதம் இருப்பார். உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். முதுகுவலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், புரூஃபன் வகையறாவும் அப்படித்தான் ஏற்றிவிடும். "லித்தியம் டாக்சிசிட்டி" என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உப்பைக் குறைக்காதே, தண்ணியைக் குறைக்காதே, எங்களைக் கேட்காமல் வலி மாத்திரை போடாதே. இந்த மூன்றைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபினுக்கு எல்லாரும் ரத்த வெள்ளணுக்களைப் பற்றிச் சொல்வார்கள். சரிதான், 1975-இல் ஃபின்லாந்தில் அது குறைந்து ஆட்கள் இறந்த பிறகு வந்த பயம், காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் உடனே டெஸ்ட். தலையணை நனைகிற அளவு எச்சில் ஊறுவதை அவர்களே சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லாதது, நாமும் கூச்சப்பட்டுக் கேட்காதது, மலச்சிக்கல். குடல் அடைத்து உயிர் போகிற அளவுக்குப் போகும். கான்ஸ்டிபேஷன் இருக்கா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவார்கள். "வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுப் பார், விரலை மடக்கி எண்ண ஆரம்பிப்பார்கள்.

போதும், கை வலிக்கிறது. ரிட்டயர்மென்டுக்கு இன்னும் பதினாலு மாசம். முட்டி அதற்குள் ரிட்டயர் ஆகிவிடும் போலிருக்கிறது. உன் மகள் கல்யாணம் பேச்சு எந்த மட்டில் நிற்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இருப்புக் கொள்ளல என்பதை உங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் எப்படிச் சொல்கிறார்கள்? அந்தப் பக்கத்து ஆட்கள் ரெண்டு பேர் இப்போது வார்டில் இருக்கிறார்கள். அதில் ஒருவர் நேற்றிலிருந்து நடந்துகொண்டே இருக்கிறார், கேட்டால் "ஒண்ணுமில்லைங்" என்கிறார். காலையில் டூட்டிக்குப் போவதற்குள் போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்