யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள்?

வெள்ளவத்தை, கொழும்பு 6
ஆகஸ்ட் 2025

அன்பின் குகன்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நான் இன்னும் டியூட்டரியில் பொருளியல் படிப்பிக்கிறேன். உயர்தரப் பிள்ளைகளை விட்டுவிட மனம் வரவில்லை.

திறந்த பொருளாதாரமா, மூடிய பொருளாதாரமா, நம் நாட்டுக்கு எது சரி என்று உன் இளைய மகள் கேட்டதாக எழுதியிருந்தாய். நாம் வளர்ந்த காலத்தையே அவளுக்குச் சொல்லு, மச்சான். 1970இல் வந்த அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கியது. உன் ஐயா போன்ற தோட்டக்காரர்களின் கையில் காசு புழங்கியது அப்போதுதான். தண்ணீர் இறைக்கும் மெஷின், கல்வீடு, அக்காமாரின் கல்யாணம் எல்லாம் மிளகாய்க் காசு. அதே வருடங்களில் கொழும்பில் பாணுக்கு விடியற்காலையிலேயே கியூ. 1977இல் ஜே. ஆர். ஜயவர்தன வந்து சந்தையைத் திறந்தார். கொழும்புக் கடைகள் நிரம்பின. வெளிநாட்டு வெங்காயமும் செத்தல் மிளகாயும் வந்து இறங்க, ஊரில் தோட்டக்காரரின் வருமானம் விழுந்தது. கொழும்பில் வளர்ந்தவரும் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வளர்ந்தவரும் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அவள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஐயாவுக்குக் காசு வரச் செய்த அதே அரசுதான், பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தலைக் கொண்டுவந்து, அவருடைய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவை ஒடுக்கியது. சுதந்திர காலத்து அரசியல் யாப்பான சோல்பரி யாப்பின் 29(2) ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைத் தடுத்தது. 1972 யாப்பில் அந்தப் பிரிவே இல்லாமல் போனது. 1970இல் தெரிவான அந்தப் பாராளுமன்றம், புதிய யாப்பைக் காட்டி 1977 வரை இருந்துகொண்டது. சந்தையைத் திறந்தவர்களாவது வேறு மாதிரி நடந்தார்களா? 1978இல் ஆட்சி அதிகாரத்தை ஜனாதிபதியின் கையில் கொடுக்கும் நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்து, பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் 6 வருடம் நீட்டினார்கள். பொருளாதாரத்தில் எதிரும் புதிருமான இரண்டு அரசுகளும் அதிகாரத்தைத் தம் கையில் குவித்ததில் ஒன்றுதான்.

அதனால்தான் வகுப்பிலும் சொல்கிறேன்: சந்தை எப்படி இயங்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, ஆள்பவரை யார் தடுத்து நிறுத்தலாம் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2022 நெருக்கடியைப் பார். பொது நிதி மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே என்று யாப்பின் 148 ஆம் உறுப்புரை சொல்கிறது. 2019 டிசம்பரில், பொருள் வாங்கும்போது எல்லாரும் கட்டும் பெறுமதி சேர் வரியை (VAT) 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தபோது அந்தக் கட்டுப்பாட்டை யாரும் பயன்படுத்தவில்லை. வருமானம் சரிந்தது. வெளியே கடன் கிடைக்காமல் போனது. மத்திய வங்கி காசை அச்சடித்து அரசுக்குக் கொடுத்தது. டொலரையோ 200 ரூபா அளவில் பிடித்து வைத்திருந்தார்கள். வங்கிக்கு வெளியே காசு அனுப்பும் உண்டியலில் அதைவிடக் கூடக் கிடைத்ததால் வெளிநாட்டுக் காசு வங்கிப் பக்கமே வரவில்லை. உனக்கும் அது தெரிந்திருக்கும். 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. என்னிடம் படித்த பிள்ளைகள் பணவீக்கத்தைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே பாண் கடையில் படித்தார்கள். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பிறகு சில நல்லதும் நடந்தது. அரசுக்காகக் காசு அச்சடிப்பதை 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் தடுத்தது. அதே வருடம் நவம்பரில், பொருளாதாரத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்த ஆட்சியாளர்களும் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமதம்தான், ஆனாலும் அந்தத் தீர்ப்பை மகளுக்குக் கட்டாயம் வாசிக்கக் கொடு.

“நாங்கள் வரி கட்டுவதில்லையே, சேர், எங்களுக்கென்ன?” என்று ஒரு பெடியன் கேட்டான். பேனை வாங்கினாயா என்று கேட்டேன். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். லட்சாதிபதியும் அவனும் ஒரே வீதத்தில்தான் கட்டுகிறார்கள். பிள்ளைகள் கட்டும் காசுக்குக் கணக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம், மகளிடம் எனக்கும் ஒரு கேள்வி. வட மாகாண சபைக்கு 2013இல் முதல் தேர்தல் நடந்தது. 2018இல் காலம் முடிந்த பிறகு இன்னும் தேர்தல் இல்லை; நிர்வாகம் ஆளுநரோடு போகிறது. உங்கள் ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரியில் 8 வீதம் மாகாணத்துக்கு. அந்தப் பணத்தை மாகாணம் எப்படிச் செலவழிக்கிறது, சபையில் யார் அதைக் கேள்வி கேட்கிறார்கள் என்று அவளை விரிவாக எழுதச் சொல். அடுத்த தவணை வகுப்பில் அதை எடுக்கப் போகிறேன். மார்கழியில் வருவதாக இருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
ரவி