ராஜபார்ட் யாருக்கு?

அன்புள்ள கயலு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடமாட்டேன் என்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்து நாலு நாளாகிறது. கீழண்டை வயலுக்கு நாற்றுப் பறிக்கிறார்கள். போனில் பேசலாம்தான், ஆனால் வாயைத் திறப்பதற்குள் "மீட்டிங்ப்பா" என்பாய். இது மீட்டிங்குக்கு நடுவில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதான் பேனா எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செந்தில் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். தாம்பூலத் தட்டில் வைத்து எங்களுக்குக் கொடுத்தான். அப்புறம் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தான். உறையில் உன் பெயர். "வாட்ஸ்அப்ல அனுப்பலாம்னா அக்கா என் நம்பரை பிளாக் பண்ணி வச்சிருக்கு பெரியப்பா. ரெண்டு வருஷமாச்சு" என்றான். காபி ஆற்றிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். ஏன்டா என்றேன். "ஒரு சினிமாவுக்காக" என்றான்.

சூப்பர்ஹீரோ வேஷத்தில் யார் நடிப்பது என்பதற்காக ஒரு அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்துவார்களா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அவ்வளவு ஆச்சரியமாக இல்லை. நானும் முத்து காமிக்ஸ் படித்தவன்தானே. 1972இல் இரும்புக்கை மாயாவி வந்தபோது அதற்காகவே சைக்கிளில் தஞ்சாவூர் போனவன். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் தெரியும். அதைப் படமாக எடுத்தால் மட்டும் சண்டை வராது என்று நினைக்கிறேன். யாரைப் போட்டால் என்ன, தெரியப்போவது கை ஒன்றுதானே!

செந்திலை உட்காரவைத்துக் கதை கேட்டேன். ஒரு மணிநேரம் சொன்னான். 1988இல் பேட்மேன் வேஷத்துக்கு மைக்கேல் கீட்டனைப் போடுகிறார்கள் என்றதும், காமெடிப் படம் பண்ணுகிற ஆளுக்கா இந்த வேஷம் என்று ரசிகர்கள் கொதித்துப்போய் வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 கடிதம் போட்டார்களாம். கம்பெனி அசையவில்லை. 1989இல் படம் வந்தது, கீட்டனே பேட்மேன் என்று ஆகிவிட்டது. ஹீத் லெட்ஜரை ஜோக்கராகப் போட்டபோதும் அப்படித்தான். இந்த அழகுப் பையனா ஜோக்கர் என்று சிரித்தார்கள். 2008இல் படம் வருவதற்குள் அவர் இறந்தே போய்விட்டார். மறுவருஷம் ஆஸ்கரை அவருடைய குடும்பத்தார் மேடையேறி வாங்கினார்கள். இதைச் சொல்லும்போது செந்திலுக்குக் குரல் கொஞ்சம் இறங்கியது. நல்ல பையன்தான் அவன்.

இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. சூரக்கோட்டையில் வயலும் வீடும் வைத்திருந்த நம் சிவாஜிக்கும் இதுதானே நடந்தது? 1952இல் பராசக்தி எடுக்கும்போது, இந்தப் பையன் வேண்டாம், கே.ஆர். ராமசாமியைப் போடலாம் என்று ஏவி.எம். செட்டியார் நினைத்தார். கூட்டுத் தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் பிடிவாதமாக நின்றார். அவர் நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உன் தாத்தா சாப்பாட்டு இலையில் உட்கார்ந்துகொண்டே கவலைப்படுவார், படம் வந்து முப்பது வருஷம் கழித்தும்.

சரி, உனக்கும் அவனுக்கும் என்னதான் சண்டை என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான். 2011இல் தோர் படத்தில், வானவில் பாலத்துக்குக் காவல் நிற்கிற ஹைம்டாலாக இட்ரிஸ் எல்பாவைப் போட்டது. 2015இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் படத்தில் நெருப்பு மனிதனாக மைக்கேல் பி. ஜோர்டானைப் போட்டது. வடநாட்டு வெள்ளைத் தெய்வத்துக்குக் கருப்பு நடிகரா, அக்கா வெள்ளை தம்பி கருப்பா என்று இவன் எழுதியிருக்கிறான். கூட ஒரு வார்த்தையும் போட்டிருக்கிறான். அதை என்னிடம் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். நீ அதற்கு முன்பும் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசல் தாண்டுவதற்குள் அதைப் பேசிக்கொண்டு போனது என் காதிலும் விழுந்தது.

"நான் தப்பா சொல்லல பெரியப்பா. காமிக்ஸ்ல எப்படி இருக்கோ அப்படி இருக்கணும்னுதான்" என்றான்.

அவன் சொன்ன கதைகளை வைத்தே அவனைக் கேட்டேன். வோல்வரின் காமிக்ஸில் எத்தனை அடி? அஞ்சடி மூணு அங்குலம். ஹியூ ஜாக்மேன்? ஆறடிக்கு மேல். முதலில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், 2000இல் படம் வந்ததும் அடங்கிவிட்டது. அப்போது காமிக்ஸ் எங்கே போனது? "அது வேற பெரியப்பா." நிக் ஃப்யூரி? பல வருஷமாக வெள்ளைக்காரனாக இருந்தவன். 2002இல் வந்த ஒரு புதுத் தொடரில் ஓவியர் அவனை சாமுவேல் ஜாக்சன் ஜாடையிலேயே வரைந்துவிட்டார், 2008இல் ஜாக்சனே அந்த வேஷத்துக்கு வந்துவிட்டார் என்று இவனேதான் சொன்னான். அவரைப் பிடிக்குமா என்றேன். ரொம்பப் பிடிக்குமாம். "அது..." என்று ஆரம்பித்தான். "அதுவும் வேறயா?" என்றேன். காபியைக் குடித்தான்.

ஜோர்டான் நடித்த அந்தப் படம் ஓடவில்லையே என்பது அவன் கடைசி வாதம். ஓடாத படத்துக்கு ஆயிரம் காரணம். 2018இல் பிளாக் பாந்தரில் வில்லனாக வந்து அதே ஜோர்டான் உட்காரவைத்தாரா இல்லையா என்றால் பதில் இல்லை.

போன மாதம் நரசிம்ம ஜெயந்திக்கு மேலட்டூர் போயிருந்தேன், பாகவத மேளா பார்க்க. உன்னைச் சின்ன வயதில் தோளில் போட்டுக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? இரணியன் மனைவி லீலாவதிக்கு இன்றும் ஆண்தான் வேஷம் கட்டுகிறார். மீசையை மழித்த மேலுதடு பச்சையாகத் தெரிகிறது. பாட்டு தெலுங்கு, பார்க்கிறவர்கள் பாதிப்பேருக்கு ஒரு வார்த்தை புரியாது. மகன் யானைக் காலில் மிதிபடப் போகிறான் என்று அந்த அம்மாள் பதறும்போது எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி மூக்கை உறிஞ்சினாள். பொருத்தம் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் அங்கேயும் யார் வேண்டுமானாலும் வேஷம் கட்டிவிட முடியாது, குடும்பம் பார்த்துத்தான். அதை நினைத்தபோது என் பழைய கதை ஒன்று மேலே வந்துவிட்டது. உனக்கு நான் சொன்னதே இல்லை. செந்திலிடமும் சொல்லவில்லை. அவனிடம் அத்தனை கெட்டிக்காரத்தனமாகக் கேள்வி கேட்டுவிட்டு, இதைச் சொல்ல வாய் வரவில்லை.

1978. மாசித் திருவிழாவுக்கு நம் ஊர் இளைஞர்களே சேர்ந்து அரிச்சந்திரா போடுவதாக ஏற்பாடு. வாத்தியார் வெளியூர்க்காரர். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் பாடச்சொன்னார். கீழத்தெரு மாரிமுத்து ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்க்க வந்து வேலியோரம் நின்றவனைக் கூப்பிட்டுப் பாடச்சொன்னார். நாலரைக் கட்டையில் எடுத்தான் பார், ஆர்மோனியம் வாசிப்பதை நிறுத்திவிட்டு வாத்தியார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜபார்ட் அவனுக்குத்தான் என்றார்.

அன்று ராத்திரி நாங்கள் நாலு பேர் படித்துறையில் உட்கார்ந்து ஒரு மொட்டைக் கடிதம் தயார் பண்ணினோம். எழுதியது நான். அப்போதுதான் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னிடம் கொடுத்தார்கள். ராஜா வேஷத்துக்கு உயரம் வேண்டும், உச்சரிப்பு வேண்டும், இவனுக்குப் பயிற்சி போதாது, வேண்டுமானால் சுடுகாட்டு வீரபாகு வேஷம் கொடுங்கள் என்று எழுதினேன். அவன் எந்தத் தெரு என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. எழுத வேண்டிய அவசியம் இல்லை, படிக்கிறவர்களுக்குப் புரியும். உயரம் சரியில்லை என்று அன்றைக்கு நான் உண்மையாகவே நம்பினேன் என்பதுதான் இதில் வேடிக்கை. ராஜபார்ட் கடைசியில் யாருக்குப் போனதோ, அவன் மாரிமுத்துவை விடக் குட்டை.

50,000 கடிதத்துக்கு அசையாத கம்பெனி அங்கே. ஒரே ஒரு மொட்டைக் கடிதத்துக்கு அசைந்த ஊர் இங்கே.

மாரிமுத்து கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. கொடுத்த வேஷத்தை வாங்கிக்கொண்டான். நாடகத்தன்று மயான காண்டத்தில் ராஜாவுக்குப் பாட்டு மறந்துபோயிற்று. ஆர்மோனியம் அதே அடியை மூன்று முறை வாசித்துவிட்டது, ராஜா கொள்ளிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு விழிக்கிறான். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். அப்போது மேடை ஓரத்தில், முகமெல்லாம் கரி பூசிக் குந்தியிருந்த வீரபாகு, தலையைத் தூக்காமல் பாட ஆரம்பித்தான். ராஜாவின் வாய் அசைந்தது. குரல் மாரிமுத்துவுடையது. முழுப் பாட்டும் அப்படியே போனது. பின்னால் இருந்தவர்களுக்கு விஷயமே தெரியாது; ராஜபார்ட் பிரமாதம் என்று மறுநாள் பேசிக்கொண்டார்கள். நான் முன்னால் இருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து சங்கத்துக்கு உரம் வாங்க வந்தான். நான் வாசல் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தேன், வேளாண்மைத் துறை நடத்துகிற முகாம் பற்றி. பின்னால் நின்று படித்தான். "பயிருக்குன்னா பயிர்ச்சி சரிதான் சார்" என்றான். "நாடகத்துக்குப் பயிற்சி. பெரிய ற போடணும்." பலகையைப் பார்த்தேன். பயிர்ச்சி முகாம் என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்திருக்கிறேன். வாத்தியார் அதை அவனிடமே காட்டியிருக்கிறார். மூன்று வருஷமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

இன்னும் டீக்கடையில் பார்த்துக்கொள்கிறோம். தண்ணீர் வந்ததா, நாற்று விட்டாச்சா, அவ்வளவுதான் பேச்சு. எத்தனையோ முறை எடுக்கலாம் என்று நினைப்பேன். டீ ஆறிவிடும்.

செந்திலோடு பேசு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ பிளாக் பண்ணியது சரிதான் என்றே எனக்குப் படுகிறது. என் காலத்தில் அந்த வசதி மாரிமுத்துவுக்கு இல்லை. ஆனால் அவன் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா அந்த வார்த்தையைத்தான் சொல்லுச்சு, படத்தைச் சொல்லல, அது எனக்கு அப்ப புரியல பெரியப்பா" என்றான். நானாகக் கேட்கவில்லை, அவனாகச் சொன்னதுதான். அதை உனக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று தோன்றியது.

ஆவணியில் கல்யாணம், கும்பகோணத்தில். பத்திரிகையை சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். உறையில் உன் பெயரைக் கயல்விளி என்று எழுதியிருக்கிறான். நம் குடும்பத்துக்கே இந்தக் கோளாறு உண்டு போலிருக்கிறது. நான் திருத்தவில்லை.

டப்ளினில் புளி தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கிறாள். ஊரிலிருந்து ஒருவர் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறார், இரண்டு கிலோ கொடுத்தனுப்புகிறோம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா