கையெழுத்துப் போட நான் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், இரண்டு பெண்கள் சேர்ந்து வளர்க்கும் பிள்ளைக்கு உறவுமுறையே குழம்பிப் போகும் என்று வருத்தப்பட்டிருந்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள். குழப்பம் ஒன்றும் இல்லை. அவளுக்கு அத்தை கிடையாது, அவ்வளவுதான். தாய்மாமன் இரண்டு பேர்.

நானும் என் துணைவியும் பதினொரு வருடமாகக் கோவையில் சேர்ந்து வாழ்கிறோம். பிள்ளையைச் சுமந்து பெற்றவள் அவள். செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021-ம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயது தாண்டிய பெண் திருமணம் ஆகாமலே தனியாக இந்தச் சிகிச்சை பெறலாம். 'தனியாக' என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய சொல். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஊசிக்கும் கூடவே போனேன். பதிவேட்டில் நான் 'தோழி'. 2023 ஜனவரியில் மகள் பிறந்தாள்.

பத்தியம் பார்க்க அவள் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மூன்று வருடமாக என்னோடு பேசாமல் இருந்த என் அம்மாதான் பொள்ளாச்சியிலிருந்து செலவு சாமானோடு வந்து இறங்கினார். அன்றும் என்னிடம் பேசவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்ப் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார். நாற்பது நாள் கழித்துக் கிளம்பும்போது, "காது குத்து எப்பன்னு சொல்லி அனுப்பு" என்றார். அந்த நாளும் வந்தது, துணைவியின் அண்ணன் வரவில்லை. மாமன் மடிக்கு எங்கே போவது என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, என் தம்பி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். "உன் புள்ள எனக்கு மருமகதானே, இதுல என்ன யோசனை?" தோடும் அவனே வாங்கி வைத்திருந்தான்.

அக்கம்பக்கத்துக்கு நாங்கள் அக்கா தங்கை, மாப்பிள்ளை துபாயில். பொய்தான், வாடகைக்கு வீடு வேண்டுமே. அதற்காகவே மகளுக்கு என்னைச் சின்னம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தோம். அவள் அதை 'ன்னம்மா' ஆக்கி, இப்போது இரண்டு பேருக்கும் வெறும் 'ம்மா'. யாரைக் கூப்பிடுகிறாள் என்பது குரலிலேயே தெரியும். பசிக்கு அவள், சண்டைக்கு நான்.

போன வருடம் ஒரு ராத்திரி காய்ச்சல் ஏறி மகளுக்கு வலிப்பு வந்தது. துணைவி வேலையாகச் சென்னை போயிருந்தாள். நான் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். வலிப்பை உடனே நிறுத்திவிட்டார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் மூளைக்காய்ச்சலா என்று பார்க்க முதுகுத்தண்டில் நீர் எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க என்றார்கள். நீங்க யாரு? சின்னம்மா. அம்மாவோட கூடப் பொறந்தவங்களா? அன்றைக்கு மட்டும் அந்தப் பொய் வாயில் வரவில்லை. "அப்ப அம்மாவை வரச் சொல்லுங்க." சென்னை ஐந்நூறு கிலோமீட்டர். அவள் ஒரு தாளில் சம்மதம் எழுதி, ஆதாரோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை மேலே யாரோ ஒப்புக்கொள்ள நாற்பது நிமிடம். அதுவரை மகள் என் சுண்டுவிரலைப் பிடித்தபடி அரைத்தூக்கத்தில் கிடந்தாள். நல்லவேளை, வெறும் காய்ச்சல் வலிப்புதான்.

என் மகளை நானே தத்தெடுக்கலாமே என்பார்கள். திருமணமாகி இரண்டு வருடமாவது சேர்ந்து வாழும் தம்பதிதான் இணைந்து தத்தெடுக்க முடியும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நிற்க வைத்தது. ஆணும் பெண்ணும் மணந்த வீட்டில்தான் பிள்ளைக்கு நிலையான வாழ்வு கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதினார். அது தோற்றுப்போன அந்த இரண்டு பேர் பக்கத் தீர்ப்பில் சேர்ந்துபோனது. எங்களைப் போன்றவர்கள் ஒரே ரேஷன் கார்டில் இருக்கலாம் என்று 2024-ல் மத்திய அரசு சொன்னது. ஆக, அரிசிக்கு நாங்கள் ஒரு குடும்பம்.

தனக்கு ஏதாவது ஆனால் நானே மகளுக்குக் காப்பாளர் என்று துணைவி உயில் எழுதிப் பதிவு செய்திருக்கிறாள். அதாவது, அவள் செத்தால் நான் காப்பாளர். அவள் சென்னையில் இருந்தால் நான் யாரோ.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் தங்கள் உறவை ஒரு பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்ய வழி காண்பது பற்றி யோசிக்கும்படி தமிழக அரசிடம் சொன்னார். அது வரும்போது பிள்ளைக்கும் அதில் ஒரு பத்தி வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பிள்ளையைப் பெறாத தாய்க்கும் ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் கையெழுத்துப் போட உரிமை உண்டு என்று ஒரு பத்தி போதும். திருமணம் பற்றி அப்புறம் சாவகாசமாகச் சண்டை போடலாம்.

பெயரைப் போட வேண்டாம். வீட்டுக்காரரும் உங்கள் சந்தாதாரர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கோவை