இந்த ஆண்டு உங்களுக்கும் வகுப்பு உண்டு

அன்புள்ள பெற்றோர்களே, பாட்டி தாத்தாக்களே, பிள்ளையைக் கூட்டிவந்து விட்டுப்போகும் அக்கா, அண்ணன், சித்தி எல்லோருக்கும்,

வணக்கம். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான நம் சிறப்புப் பள்ளி திறந்து இரண்டு வாரமாகிறது. பெரும்பாலான பிள்ளைகள் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள். சிலர் இன்னும் கேட்டைப் பார்த்ததும் அழுகிறார்கள். ஜூன் மாதம் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

சீருடையும் வேன் கட்டணமும் போன சுற்றறிக்கையோடு முடிந்தது. இந்தக் கடிதம் வேறொரு விஷயத்துக்காக. ஜூலை முதல், மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை 10 மணியிலிருந்து 12.30 வரை பள்ளியில் வகுப்பு நடக்கும். வகுப்பு உங்களுக்கு.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். பிள்ளை எங்களிடம் இருப்பது 25 மணி நேரம். அதில் பேச்சுப் பயிற்சியாளரிடம் தனியாக உட்காருவது ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். குளிப்பது, சாப்பிடுவது, சட்டை போடுவது, பசி என்று சொல்வது, தூங்கப் போவது, கோபப்படுவது என்று ஒரு பிள்ளை வாழ்க்கைக்குக் கற்க வேண்டியதில் முக்கால்வாசி உங்கள் வீட்டில்தான் நடக்கிறது. கோடை விடுமுறை முடிந்து வரும்போது இது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஏப்ரலில் தானே சட்டையை மாட்டிய பையன், ஜூனில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான். வீட்டில் யாரையும் குறை சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் பிடித்து, சமைத்து, மற்ற பிள்ளையைப் பஸ் ஏற்றி, கம்பெனி வேனுக்கு ஓட வேண்டிய அம்மா, சட்டையை மாட்டிவிட்டுத்தான் போவார். அந்த அவசரத்துக்குள்ளேயே எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைத்தான் வகுப்பில் பார்க்கப்போகிறோம்.

சட்டையையே எடுத்துக்கொள்வோம். முதல் அடியிலிருந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்தால் பிள்ளைக்குக் குழப்பம், உங்களுக்கு நேர நட்டம். பின்னாலிருந்து ஆரம்பியுங்கள். பனியனைத் தலையில் மாட்டி, இரண்டு கையையும் நுழைத்து, நெஞ்சு வரை நீங்களே இறக்கிவிடுங்கள். நெஞ்சிலிருந்து இடுப்பு வரை இழுத்துவிடுவது மட்டும் பிள்ளையின் வேலை. இரண்டே விநாடி. ஆனால் வேலையை முடித்தது அவன்தான், பாராட்டும் அவனுக்குத்தான். அது பழகிய பிறகு ஒரு கையை நுழைப்பதும் அவன் வேலை. அப்புறம் இரண்டு கை. பொத்தான் வைத்த சட்டையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பல் துலக்க, செருப்பு மாட்ட, தட்டைக் கழுவி வைக்க, எல்லாவற்றுக்கும் இதே முறைதான். வகுப்புக்கு வரும்போது உங்கள் வீட்டில் தினமும் சண்டை நடக்கும் ஒரு வேலையை யோசித்துக்கொண்டு வாருங்கள். அதை எத்தனை துண்டாக வெட்டலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

பேச்சைப் பற்றிக் கேட்காத பெற்றோர் கிடையாது. "எப்ப மிஸ் பேசுவான்?" என்ற கேள்விக்குத் தேதி குறித்துச் சொல்ல யாராலும் முடியாது, சொல்பவரை நம்பவும் வேண்டாம். செய்யக்கூடியது ஒன்று உண்டு: காத்திருப்பது. நம் பாட்டிகள் பாசத்தில், பிள்ளை கண்ணை அசைக்கும் முன்பே தண்ணீர் டம்ளரை நீட்டிவிடுகிறார்கள். அவனுக்குக் கேட்க வேண்டிய தேவையே வருவதில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பார்வையோ, கை நீட்டலோ, ஒரு 'த' சத்தமோ, எது வந்தாலும் உடனே கொடுத்துவிடுங்கள். வாழைப்பழம் ஒரு கையில், பிஸ்கட் இன்னொரு கையில் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பிள்ளை பேசவே மாட்டான் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பயம் தேவையில்லை. படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை. பல பிள்ளைகளுக்கு அதுவே பேச்சுக்கு வழிவிட்டிருக்கிறது.

அடிப்பது, கடிப்பது, தலையை முட்டிக்கொள்வது பற்றித் தனியாக இரண்டு வகுப்பு வைத்திருக்கிறோம். அதுவரை ஒரு சின்ன வேலை. அப்படி நடக்கும்போதெல்லாம் அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கத்தினால் போன் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டிருந்தால் நோட்டிலேயே அது தெரிந்துவிடும். திடீரென்று புதிதாக ஆரம்பித்திருந்தால் முதலில் காது, பல், மலச்சிக்கல் மூன்றையும் பாருங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை வேறு எப்படிச் சொல்வான்?

இதெல்லாம் எங்கள் பள்ளி கண்டுபிடித்த முறைகள் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம், வளர்ச்சிக் குறைபாடுள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் வீட்டாருக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. 9 குழு வகுப்பு, 3 முறை வீட்டுக்கு வந்து பார்ப்பது. நடத்துபவர் டாக்டராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பயிற்சி பெற்றவராக இருந்தால் போதும். பாடம் முழுவதும் விளையாட்டு, அன்றாட வீட்டு வேலைகள் வழியாகத்தான். நம் ஊர்ப் பக்கத்திலேயே, தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், கிராமங்களுக்குப் பணியாளர்களை அனுப்பி, வீட்டிலேயே பிள்ளைக்கும் அம்மாவுக்கும் சேர்த்துப் பயிற்சி தருகிறது. சென்னையில் வித்யா சாகர் 1985இல் தொடங்கியது; முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. எங்கே போனாலும் பெற்றோரைக் கூடவே உட்காரவைத்துத்தான் சொல்லித்தருவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டிசத்தை ஆறு மாதத்தில் குணமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். லட்சக்கணக்கில் வாங்கி ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளரோ சிறப்பாசிரியரோ யாரிடம் போனாலும், இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்கலாம்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விவரம் ஆகஸ்ட் வகுப்பில். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) இல்லாதவர்கள் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். அது இருந்தால்தான் மற்றது நகரும். 40 சதவீதமும் அதற்கு மேலும் அறிவுசார் குறைபாடு இருந்தால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். நிராமயா என்பது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. மருத்துவப் பரிசோதனை இல்லாமலே சேரலாம், தெரபிச் செலவுக்கும் கேட்கலாம். புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

பத்தாம் வகுப்பு வயதைத் தாண்டிய பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 18 வயது முடிந்த அன்று, நீங்கள் சட்டப்படி உங்கள் பிள்ளையின் காப்பாளர் இல்லை. பெற்றவர்கள்தானே என்று நினைத்திருப்போம். வங்கியில் கணக்கு மாற்றப் போகும்போதுதான் தெரியும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் சட்டப்படியான காப்பாளரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர் அளவிலான குழு விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு செய்யும். காப்பாளர் ஆனவர் ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலும், அப்புறம் ஆண்டுதோறும் கணக்கும் கொடுக்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் இது அவசியமா என்றால், இல்லை. கேட்டுப் புரிந்துகொண்டு முடிவெடுக்கக்கூடிய பிள்ளைக்கு எல்லாவற்றையும் நாமே எழுதி வாங்கிக்கொள்வது சரியில்லை என்பது என் எண்ணம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் கூடியவரை அவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கத்தான் சொல்கிறது. இதைப் பற்றி ஒரு வழக்கறிஞர் வந்து பேசுவார்.

வளர்ந்த பெண் பிள்ளைகளின் மாதவிடாய், ஆண் பிள்ளைகளின் உடல் மாற்றம், யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்பது, இதற்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். அம்மாக்கள் தனியாக, அப்பாக்கள் தனியாக. கூச்சமாக இருக்கும், வாருங்கள்.

அப்பாக்களைப் பற்றிப் பேச்சு வந்ததால்: போன ஆண்டு பெற்றோர் கூட்டப் பதிவேட்டில் அப்பாக்களின் கையெழுத்தைத் தேட வேண்டியிருந்தது. வேலை இருக்கிறது, தெரியும். ஆனால் பத்து வரை எண்ணிக் காத்திருப்பதை அம்மா மட்டும் கற்று, அப்பா உடனே எடுத்துக் கொடுத்தால், பிள்ளை அப்பாவிடம்தான் போவான்; வேறெதுவும் கற்கமாட்டான். தவணை முறையிலாவது வாருங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி அரை மணி நேரத்துக்குப் பாடம் கிடையாது. டீ குடித்துக்கொண்டு பேசலாம், பேசாமலும் இருக்கலாம். பத்து வருடமாக ராத்திரி முழுத் தூக்கம் தூங்காத அம்மாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வளர்ந்த பிள்ளையைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனவர்கள் இருக்கிறார்கள். முதுகு வலிக்காமல் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு எப்படி மாற்றுவது என்று எங்கள் இயன்முறை மருத்துவர் செய்து காட்டுவார். உறவுக்குள் யாரிடமாவது வாரம் ஒரு மாலை பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போக முடியுமா என்றும் பேசுவோம். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை என்று நான் சொன்னால் கேட்கமாட்டீர்கள். அடுத்த நாற்காலியில் இருக்கும் அம்மா சொன்னால் கேட்பீர்கள்.

வகுப்பு நேரத்தில் பிள்ளைகளை எங்கள் ஆசிரியர்கள் விளையாட்டு அறையில் பார்த்துக்கொள்வார்கள். கூடப் பிறந்தவர்களையும் அழைத்துவரலாம். கட்டணம் இல்லை. பள்ளி வேன் வழக்கமான நிறுத்தங்களில் 9 மணிக்கு வரும். கடிதத்தின் கீழே உள்ள சீட்டில், வீட்டிலிருந்து யார் வருகிறீர்கள், எந்த வேலையைப் பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுக்க விரும்புகிறீர்கள் என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் பையில் வைத்து அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் வாயால் சொன்னால் போதும். சனிக்கிழமை கூலி போய்விடும் என்பவர்கள் அதையும் சொல்லுங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு வகுப்பு வைத்துவிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்